பாவாத்தாள் நினைவு டிவிடி

ஜூலை 19, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் இல்லை. மேளம் இல்லை. வாயில் லட்டு திணிக்கும் கைகள் இல்லை. நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

சென்னியப்பன் அண்ணன் பைக் சாவியால் காதைக் குடைந்துகொண்டே வந்தார். சாவி நுனியை முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"எம்.ஏ., ஒரு வேல வந்திருக்குது. சாவு வேல. சுத்தமா பண்ணோணும்."

மின்னல் வீடியோஸின் முதலாளி என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தத்துவத்தில் எம்.ஏ. படித்துவிட்டுத் தாராபுரத்தில் கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்கு இது பட்டமா, வசையா என்று நானும் கேட்டதில்லை.

வேலை இதுதான். அரிசி ஆலை நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாள் போன வருடம் இறந்துபோனார். இந்த மாதம் முதல் வருடத் திதி. உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு டிவிடி வேண்டும். அந்த அம்மா நடமாடுவதும் பேசுவதும் மகனின் கல்யாண வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் எடுத்தது. கேசட்டுகளின் மேல் அதற்குப் பிறகு வேறு கல்யாணங்களை எடுத்தாயிற்று. இருப்பது எங்கள் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஒரே பதிவு.

மதியம் நாச்சிமுத்துவே வந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, உடம்பிலிருந்து தவிட்டு வாசனை. உட்காரவில்லை.

"அதுல மூத்தவ ஒருத்தி இருப்பா, தம்பி. பச்சச் சேல. அவ எங்கயும் தெரியக் கூடாது."

"முகம் தெரியாம பண்ணிடலாங்க."

"மொகம் வேண்டாம். சேலையும் வேண்டாம். நெழலுகூட வேண்டாம்."

அண்ணன் தலையாட்டினார். நாச்சிமுத்து போன பிறகு எனக்கு விளக்கினார். "அவரு மகதான். வேற ஆளுங்க பையனக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஊட்டுல இருந்த டிவிடி எல்லாத்தையும் ஒடச்சுப் போட்டாராமா. அவரு ஒடச்சா ஒடைக்கட்டும், நம்ம வேல நமக்கு."

கை கழுவினேன். அவர் என்னைத் தொடவே இல்லை. இருந்தும் கழுவினேன்.

ஜூலை 20, செவ்வாய்

நாள் முழுவதும் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன்.

பந்தியில் சாப்பிடுகிறவர்களை வீடியோ எடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கியது? வாய்கள். ரசத்தில் நனைந்த மீசைகள். கேமரா வந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாய் நிறையச் சோற்றுடன் புன்னகைக்கிறார்கள். ஒருவர் தன் இலையிலிருந்த ஜாங்கிரியைக் கேமராவுக்கு ஊட்டப் பார்க்கிறார். இதை ஒரு காலத்தில் நான்தான் இதய வடிவச் சட்டகத்துக்குள் வைத்து, பாட்டுப் போட்டு, டிவிடியாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சிக்கல் சாயங்காலம்தான் புரிந்தது. பாவாத்தாள் எந்த இடத்திலும் தனியாக இல்லை. இடுப்பு வலிக்காரர் போலிருக்கிறது. சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். நடக்கும்போதெல்லாம் முழங்கைக்கு அடியில் ஒரு கை. உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கை. படியேறும்போது முன்னால் ஒரு பச்சைச் சேலை.

தாயை வைத்துக்கொண்டு மகளை எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஈர ரொட்டித் துண்டுகளைப் பிரிப்பது மாதிரி.

ஜூலை 22, வியாழன்

ஸ்டுடியோ போன் அடித்தது. அண்ணன் டீக்குப் போயிருந்தார். எடுத்தேன்.

"மின்னல் வீடியோஸுங்களா? நானு மைதிலி பேசறனுங்க. ரைஸ்மில் நாச்சிமுத்து மகளுங்க."

பச்சைச் சேலை. இரண்டு நாளாகத் திரையில் வாயசைத்துக்கொண்டிருந்த முகத்திலிருந்து குரல் வருகிறது. எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த குரல்.

அவளுடைய தம்பி மனைவி ரகசியமாகச் சொன்னாளாம், டிவிடி தயாராகிறது என்று. இவள் பழனியில் இருக்கிறாள்.

"அம்மா செத்தப்ப என்னைய உள்ள உடுலீங்க. ரோட்டு மேல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டனுங்க. எங்கிட்ட போட்டோ ஒண்ணு இருக்குது. கொரலு இல்லீங்க. எனக்கு அவங்க கொரலு மறந்துட்டே வருதுங்க. நேத்து நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒரு காப்பி போட்டுக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. எதும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். இருக்கறத அப்படியே."

முடியும் என்றேன். முடியும்தான். வெற்று டிஸ்க்கைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் முடிந்துவிடும்.

என் செல்போன் நம்பரைக் கொடுத்தேன். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் அண்ணன் எடுப்பார். வேறு காரணம் இல்லை.

ஜூலை 23, வெள்ளி

வெட்டத் தொடங்கினேன்.

டைம்லைனில் படம் ஒரு பட்டையாக ஓடும். அதற்குக் கீழே கேமரா பதிவு செய்த சத்தம் இன்னொரு பட்டை. அதற்கும் கீழே பாட்டுக்கான இடம், காலியாக. நினைவு டிவிடிகளில் கேமரா சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பக்திப் பாட்டுப் போடுவது அண்ணனின் சட்டம். "செத்தவங்க பேசுனா பொம்பளைங்க கதற ஆரம்பிச்சுருவாங்க எம்.ஏ. அப்பறம் ஆரு மெனக்கெட்டுப் படம் பாக்கறது?" இந்த வேலையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பாவாத்தாள் வாயைத் திறந்தாலே மைதிலி என்றுதான் வருகிறது. மைதிலி, தண்ணி. மைதிலி, மாலய எங்கடி வெச்ச. மைதிலி, இங்க வா.

மிகக் கஷ்டமான இடம் இணைச்சீர். மாப்பிள்ளையின் சகோதரி அவனுக்கு இணையாக நின்று செய்யும் சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவள் கையில். அவள் இல்லாமல் சீரே இல்லை. மேடைக்குக் கீழே நாற்காலியில் அம்மா. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது.

"ஏய் மைதிலி, சிரிக்காத புள்ள. அருமக்காரரு வையப் போறாரு."

சொல்லிவிட்டு அந்த அம்மாவே சிரிக்கிறார். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் திரும்பி முறைக்கிறார். மேடையில் மகள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

அம்மாவின் சிரிப்பு மட்டும் படமாக வேண்டும். சத்தப் பட்டையைப் படத்திலிருந்து பிரித்தேன். தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். ஊமைச் சிரிப்பின் மேல் ஒரு முருகன் பாட்டை இழுத்து வந்து வைத்தேன். நன்றாகப் பொருந்தியது. அதுதான் குமட்டியது.

ஜூலை 26, திங்கள்

வெட்டிய துண்டுகளை எறிய மனம் வரவில்லை. தனியாக ஒரு ஃபோல்டர் போட்டேன். 'மீதி' என்று பெயர்.

எல்லாம் அவள்தான். ஆனால் அவளைச் சுற்றி என்னென்ன இருக்கிறது! மாமன்கள், ஜரிகை, எண்ணெய் வழியும் நெற்றிகள், பிளாஸ்டிக் வாழைமரம், தூக்கி வைத்த குழந்தையின் மூக்குச் சளி. ஒரு மனிதமுகம் இப்படிப்பட்ட குப்பையின் நடுவில் இருக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கினேன். மாமன்கள் வெளியே போனார்கள். இன்னும் பெரிதாக்கினேன். எல்லோரும் போனார்கள். நிறத்தையும் எடுத்துவிட்டேன். கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாக, ஒரு முகம். திரும்புகிறது. எதையோ கேட்கிறது. உதடு பிரிகிறது.

அப்பா அவளை வெளியே தள்ளுகிறார். நான் உள்ளே கொண்டுவருகிறேன். அவளுக்கென்று தனியாக ஒரு படம் செய்யப்போகிறேன். யாரும் அவளுக்கு இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு இருக்கிறது. தொழில்முறைக் கவனிப்பு, அவ்வளவுதான்.

ஜூலை 27, செவ்வாய்

மைதிலி கூப்பிட்டாள்.

"ரெடி ஆயிருச்சுங்களா? நாளைக்கு எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கம் வராரு. குடுத்து உடறீங்களா?"

"இல்லைங்க. கொஞ்சம் வேலை இருக்கு. நீங்களே வந்து பாத்து வாங்கிக்கிறதுதான் நல்லது."

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, அப்படியேதான குடுக்கப் போறீங்க?"

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கேன்."

பின்னால் குக்கர் விசில்.

"தனியா ஒண்ணும் வேண்டாமுங்க. இருக்கறத குடுத்தாப் போதும்."

அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். சரிங்க என்றாள். என்ன கிடைக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. கேட்கத் தெரியாதவர்களுக்கு, அவர்கள் கேட்டதைவிட மேலானதைக் கொடுப்பதுதான் கலை. இதை எழுதிவிட்டு ஒருமுறை படித்தேன். பல் கூசுகிறது. இருந்தும் கோடு போட்டு அடிக்கவில்லை.

ஜூலை 29, வியாழன்

நாச்சிமுத்து பார்க்க வந்தார். அண்ணன் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார். ஆலைக்காரர் குடித்துவிட்டு ஏப்பம் விட்ட காற்று என் பிடரியில் பட்டது.

ஓடவிட்டேன். ரோஜா இதழ்கள் மேலிருந்து விழுகின்றன. பாவாத்தாள் அம்மாள் நினைவாஞ்சலி. வட்டத்துக்குள் அவர் முகம். முருகன் பாட்டு.

"நிறுத்து. அது ஆரு கை?"

முழங்கைக்கு அடியில் நாலு விரல். ஒரு வளையல். வேறு வழியில்லாமல் விட்டிருந்தேன்.

"அதை எடுத்தா அம்மாவோட கையும் போயிருமுங்க."

"மேல எதாச்சி பூவு கீவு போட முடியாதா?"

"போடலாமுங்க," என்றார் அண்ணன். "எம்.ஏ., ஒரு மல்லிகச் சரத்தப் போட்டு உடு."

போட்டேன். இறந்தவரின் முழங்கையிலிருந்து மல்லிகை முளைத்திருப்பதுபோல இருந்தது. நாச்சிமுத்துவுக்குத் திருப்தி.

இணைச்சீர் வந்தது. மகனையும் மகளையும் நீக்கிவிட்டு அம்மாவின் சிரிப்பை மட்டும் மெதுவாக ஓடவிட்டிருந்தேன். நாச்சிமுத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"இவ இப்படிச் சிரிச்சு நாம் பாத்ததில்ல. எதப் பாத்துச் சிரிக்கறா?"

என் விரல் மவுஸின் மேல் நின்றுவிட்டது.

"உங்களப் பாத்துத்தானுங்க," என்றார் அண்ணன். சிறிதும் தயங்கவில்லை.

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே துண்டால் மூக்கையும் சிந்தினார். அழுகிறவரைப் பார்த்து இரக்கம் வர வேண்டும். எனக்கு எச்சில்தான் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுமே, அது.

ஜூலை 31, சனி

அவள் படம் முடியப்போகிறது.

சத்தத்தை என்ன செய்வது என்று இன்று முழுக்க யோசித்தேன். மேளம், மைக்கில் மொய் வாசிப்பு, நாற்காலி இழுபடும் கிரீச்சு, யாராவது யாரையாவது கூப்பிடும் இரைச்சல். இவ்வளவு தூய்மையான முகத்தின் மேல் அந்த இரைச்சலை ஊற்ற முடியாது. பாட்டும் கூடாது, பாட்டு என்றால் நானும் சென்னியப்பனும் ஒன்று. சத்தப் பட்டை முழுவதையும் எடுத்துவிட்டேன். முழு மௌனம்.

இதுவரை நான் செய்தவற்றில் சிறந்தது இதுதான்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "அது அந்தப் புள்ளையில்ல? எதுக்கு இம்புட்டுப் பெருசா போட்டு வெச்சிருக்கற?"

"சும்மா. எஃபெக்ட் பழகறேன்."

"பழகு பழகு," என்றார். சிரித்த விதம் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு கண்ணால்தான் பார்க்கத் தெரியும் அவருக்கு.

ஆகஸ்ட் 2, திங்கள்

மல்லிகை டிவிடிகள் அட்டை ஒட்டித் தயார். நாச்சிமுத்து எடுத்துப்போக வந்தார். போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பழசு இதுல இன்னும் இருக்குதல்ல? அழிச்சுப்போடு. நாம் பாக்கோணும்."

அண்ணனைப் பார்த்தேன். அவர் எப்போதும்போலத் தலையாட்டினார். "ஆவணி வந்தா எடம் பத்தாதுங்க. எப்படியும் அழிக்கறதுதான். எம்.ஏ., அழி."

ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை எடுத்திருக்கலாம். சனிக்கிழமையும் முழுக்க இங்கேதான் இருந்தேன். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிதாக்கி, சத்தம் நீக்கிப் பதிந்த முகங்கள் மட்டும் உள்ள என் மீதி ஃபோல்டர் வேறு டிரைவில் பத்திரமாக இருந்தது. அதை மட்டும் மனதுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. இந்த அறையில் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

அழுத்தினேன். பச்சைக் கோடு இடமிருந்து வலமாகப் போயிற்று. நாச்சிமுத்து அது கடைசிவரை போவதைப் பார்த்துவிட்டு எழுந்தார். எழும்போது என் தோளில் கையூன்றினார். ஈரமான, கனமான கை.

"நல்ல பையன்," என்றார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

மைதிலி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, புதன்

நானே கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். அண்ணன் அன்று திருப்பூர் போகிறார். குரல் பதிவைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

"ரொம்ப நன்றிங்க. ரண்டு நாளா தூக்கமே இல்லீங்க, எடுக்காம உட்டதும் எதோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

வந்தாள். அவள் கணவனும் வந்தான். ஜெயசீலன் என்று பெயர் சொல்லிக் கை நீட்டினான். பஸ்ஸில் நின்றே வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வரும்போதே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டான். இது கோயிலா? தூக்குப்போசியில் பணியாரம் கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய் அடியில் கசிந்து என் மேஜையில் வட்டமாகப் படிந்தது.

அவள் திரையில் இருப்பதைவிடக் குட்டை. கொஞ்சம் பருத்திருக்கிறாள். புருவத்துத் தழும்பு இருக்கிறது.

"உங்களுக்குத்தானுங்க ரொம்பச் சிரமம்," என்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கணவன் பின்னால் நின்றான். மடியில் கைக்குட்டையை நாலாக மடித்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஓடவிட்டேன்.

கறுப்பு. பிறகு அவள் முகம். மெல்லத் திரும்புகிறது.

"சத்தம் வரலீங்களே," என்றான் ஜெயசீலன்.

"சத்தம் இல்லைங்க."

"ஒயரு லூஸா இருக்குமோ?" குனிந்து ஸ்பீக்கரின் பின்னால் கை விட்டான். திருகிப் பார்த்தான். தட்டினான். தூசி பறந்தது. "எங்க ஊட்டு டிவிலயும் இப்படித்தானுங்க, ஒரு தட்டுத் தட்டுனா வந்துரும்."

"சத்தமே வைக்கலைங்க. வேணும்னுதான். மௌனமா இருந்தா முகம் இன்னும்..." வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவன் ஸ்பீக்கரைப் பிடித்தபடியே, மரியாதையாக, மீதியைக் கேட்கக் காத்திருந்தான்.

மைதிலி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம், அவள் முகம், அவள் கன்னம், அவள் கை.

"இது எல்லாம் நானுங்க," என்றாள். "அம்மா எப்ப வருவாங்க?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அப்பா வந்து உட்கார்ந்து அழிக்க வைத்தார் என்றேன். இது மட்டும்தான் மிஞ்சியது என்றேன். எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் உண்மை. இந்தத் துண்டுகளிலும் அவள் அம்மா இருந்தார், நான்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெளியே தள்ளினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அண்ணைக்கே இவரு இந்தப் பக்கம் வந்தாரல்லங்க," என்றாள். "அந்த டிஸ்க்கு வேலைக்கு எவ்வளவு நேரமுங்க ஆவும்?"

மவுஸைத் தள்ளி வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. ஜெயசீலன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் போனேன்.

"இருங்க," என்றாள்.

கையை நீட்டினாள். திரையைத் தொடவில்லை. திரைக்கு வெளியே, வலப்பக்கம், சுவருக்கு நேராக.

"இங்கதான் நிக்கறாங்க அம்மா," என்று கணவனிடம் சொன்னாள். "என்ற தோளப் புடிச்சுக்கிட்டு. பாரு, தோளு எறங்கியிருக்குதல்ல."

அவன் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சுவிட்ச் போர்டு. அதற்கு மேல் மழைநீர் இறங்கிய கறை.

அடுத்த துண்டு. "இப்ப இந்தப் பக்கம் வந்துட்டாங்க. உக்காந்திருக்காங்க, அதுதான் நாங் குனியறேன்." கை இடப்பக்கம் போயிற்று. அடுத்தது. "இது படியில. பின்னால. கால எடுத்து வெக்கமாட்டாம நிக்கறாங்க." அடுத்தது உதட்டைக் கடிக்கும் முகம். நான் பதினொரு நொடியை முப்பது நொடியாக நீட்டிவைத்த இடம். அதற்கு அவள் கை கீழே போயிற்று, மேஜை விளிம்புக்கும் கீழே. அங்கே விரலைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, எதையோ ஒத்திகை பார்ப்பதுபோல.

"என்னமோ சொன்னாங்க இங்க," என்றாள். "என்னமோ சொல்லித்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

எனக்குத் தெரியும். சொல் சொல்லாகத் தெரியும். வாயைத் திறந்தேன். அந்த அம்மாவின் வார்த்தையை இந்த வாயால் அவளுக்கு ஊட்டுவதை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

படம் முடிந்தது. திரையில் எங்கள் மூன்று பேரின் நிழல்.

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. மேஜையில் பணியாரத் தூக்கு விட்ட எண்ணெய் வட்டத்தைத் துடைத்தாள். மறுபடி மடித்து வைத்தாள்.

"இன்னொருக்கா போடுங்க," என்றாள்.

போட்டேன்.